மூன்றாம் படிவத்தோடு நின்றவர்களையும் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் முன்னாள் மாணவர் சந்திப்புப் படங்கள் அடிக்கடி வருகின்றன. ஒரே நிறத்தில் டீ-சட்டை, பின்னால் பெரிய பதாகை, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்த வயதான ஆசிரியர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற ஆள்தான். இப்போது எங்கள் முறை வந்திருக்கிறது. பேராக், சுங்கை சிப்புட்டில் ஒரே இடைநிலைப்பள்ளியில் படித்து 1986ல் ஐந்தாம் படிவக் கடைசிச் சோதனையான எஸ்பிஎம் எழுதியவர்கள், நாற்பது வருஷம் ஆகிறதே, இந்த வருஷக் கடைசியில் ஒன்றுகூடிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்செல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) தான். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. குழுவில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த நிமிஷம் டீ-சட்டை என்ன நிறம் என்று போய்விடுகிறார்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் ஒரு பள்ளிக்கு மட்டும் உள்ள விஷயம் என்றால் உங்கள் இடத்தை அடைக்க மாட்டேன். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான் என்பது என் எண்ணம்.

குழுவுக்குப் பெயரே எஸ்பிஎம் 86. அப்படியானால் எஸ்பிஎம் வரைக்கும் வராதவர்கள் யார்? அவர்கள் எங்களோடு படிக்கவில்லையா?

இளைய வாசகர்களுக்கு இது புரியாது, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அப்போது மூன்றாம் படிவத்தில், அதாவது இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் வருஷத்தில், எஸ்ஆர்பி என்று ஒரு சோதனை இருந்தது. அதில் தேறாதவனுக்கு அரசாங்கப் பள்ளியில் நான்காம் படிவம் கிடையாது. அவ்வளவுதான், பதினாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1993ல் எஸ்ஆர்பி போய் பிஎம்ஆர் என்ற சோதனை வந்தது, பிள்ளைகள் எப்படி எழுதினாலும் ஐந்தாம் படிவம் வரை போகலாம் என்ற நிலை அதையொட்டித்தான் உண்டானது. எங்கள் காலத்தில் அந்தச் சலுகை இல்லை. தனியார் பள்ளியில் காசு கட்டி மறுபடி எழுதலாம். தோட்டத்துச் சம்பளத்தில் அதற்கு எங்கே போவது?

எங்கள் வகுப்பு 1986ல் தொடங்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த நாங்களும் சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் 1981ல் மலாய்மொழி பழகுவதற்கான புகுமுக வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தோம். மலாய் நண்பர்கள் தேசியப் பள்ளியிலிருந்து நேராக முதலாம் படிவத்துக்கு வந்தவர்கள், ஆகவே மறு வருஷம்தான் எங்களோடு சேர்ந்தார்கள், எங்களைவிட ஒரு வயது இளையவர்கள். அந்தப் புகுமுக வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்பில், ஹீவுட், டோவன்பி, பாவோங், சங்காட் சாலாக் என்று ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் பிள்ளைகள். அதுவரை அவரவர் தோட்டத்துப் பள்ளியில் மொத்தமே நூறு பேரைப் பார்த்திருந்தவர்கள், திடீரென்று ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிற திடலில் கொண்டுவந்து விடப்பட்டோம். மலாய்மொழியில் பெயரையும் அப்பா செய்யும் வேலையையும் சொல்லத் தெரியும், அதற்கு மேல் ஆசிரியர் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்ப்போம். சீனப் பிள்ளைகளுக்கும் அதே நிலைமைதான், அதனால் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. தெரியாத மொழியில் இரண்டு பேரும் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான் நட்பானோம், இன்றைக்கு வரை அந்த நட்பு போகவில்லை.

மதியப் பள்ளி வேறு. புகுமுக வகுப்பிலிருந்து இரண்டாம் படிவம் வரைக்கும் எங்களுக்கு வகுப்பு பகல் ஒரு மணிக்கு. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. காலை முழுக்க வீட்டில் சும்மா இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைத் தோட்டத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள். விடியற்காலை அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய், அம்மா முன்னால் பால் வெட்டிக்கொண்டே போக, நான் பின்னால் ஒட்டுப்பால் உரித்து, பால் வடியும் மங்கு என்ற கிண்ணத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு வருவேன். பால் இறங்கியதும் தோளில் சுமக்கும் காண்டா வாளியில் பாதிச் சுமை. ஸ்டோரில் பாலைக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, இருந்ததைச் சாப்பிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். என்னதான் சவுக்காரம் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. பால் தெறித்த இடத்தில் வெள்ளைச் சட்டை முதலில் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், அப்புறம் கறுத்துவிடும், எந்தத் தோய்ப்புக்கும் அசையாது. வகுப்பில் யார் யார் காலையில் காட்டுக்குப் போகிறவர்கள் என்பதைச் சட்டைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு மணிக்குக் கணக்குப் பாடத்தில் தலை தொங்கும். ஆசிரியர் சுண்ணாம்புக்கட்டியை எறிவார். குறி தப்பாது.

இந்தக் கதைகளைத்தான் இப்போது குழுவில் பகிர்ந்துகொண்டு எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். கட்டொழுங்கு ஆசிரியரின் ரோத்தான் (பிரம்பு) அவர் கைக்கு வருவதற்கு முன்னாலேயே காற்றில் கேட்கும் என்று ஒருவர் எழுதுகிறார். கேண்டீனில் இருபது காசு மீ நூடுல்ஸில் தவ்கே என்ற பயறு முளை மட்டும்தான் இருக்கும் என்று இன்னொருவர். குறுக்கோட்டப் போட்டியில் கேன்வாஸ் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி முதலாவதாக வந்த ஹீவுட் தோட்டத்துக்காரனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. சரித்திரப் பாடத்தில் 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை சுடப்பட்டார், அதையொட்டித்தான் அவசரகாலம் வந்தது என்ற பக்கம் வந்தபோது, எல்பிலிலிருந்து வந்தவர்கள் என்னவோ தாங்களே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்ததையும் யாரோ எழுதியிருந்தார்கள். 1986 உலகக் கிண்ணக் காற்பந்துக்கு விடிய விடியத் தோட்டத்து கிளப்பில் தொலைக்காட்சி பார்த்துவிட்டு மறுநாள் சோதனைப் பயிற்சியில் தூங்கியது, தாவணி கட்டி ஆசிரியர் தினத்துக்கு ஆடியவர்கள், ஐஸ் கச்சாங் கடையில் வைத்த கடன், எல்லாம் வருகிறது.

சரி. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதைகளில் வருகிறவர்களில் பாதிப் பேர் குழுவில் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடியவன் இல்லை. ரோத்தான் அடி அதிகம் வாங்கியவன் இல்லை. சுண்ணாம்புக்கட்டி எறியப்பட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். அவர்களெல்லாம் 1984 கடைசியில் எஸ்ஆர்பியோடு போனவர்கள். கதைக்கு வேண்டும், விருந்துக்கு வேண்டாம், இது என்ன நியாயம்?

என்னிடம் இரண்டு வகுப்புப் படங்கள் இருக்கின்றன, 1984ல் மூன்றாம் படிவத்தில் எடுத்தது, 1986ல் ஐந்தாம் படிவத்தில் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். மூன்றாம் படிவப் படத்தில் பின்வரிசை முழுக்கத் தோட்டத்துப் பையன்கள், எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு, பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறார்கள். ஐந்தாம் படிவப் படத்தில் அந்தப் பெஞ்சே இல்லை, தேவைப்படவில்லை.

இன்னொன்றும் அப்போது நடந்தது. தமிழ்மொழி வகுப்பு நடத்த வேண்டுமானால் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது சட்டம், இன்றைக்கும் அதுதான். மூன்றாம் படிவம் வரை எங்களுக்குக் கவலை இல்லை, ஒரு வகுப்பறை நிறைய இருந்தோம். எஸ்ஆர்பி முடிவு வந்து நான்காம் படிவம் ஏறியபோது பதினைந்து பேர்கூடச் சேரவில்லை. தமிழ் வகுப்பு அட்டவணையிலிருந்து போய்விட்டது. எஸ்பிஎம்மில் தமிழ் எடுத்தே தீருவது என்று பிடிவாதமாக நின்ற சிலருக்கு, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை காலையில் தன் வீட்டு வாசலில் பாய் விரித்துச் சொல்லிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, அவர் மனைவி எல்லாருக்கும் கோப்பி போட்டுக் கொடுப்பார். சந்திப்பு நாளில் அவரைத்தான் நடுநாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று நானும் சொல்கிறேன். ஆனால் வகுப்பு ஏன் போனது என்பதையும் அன்றைக்கு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். போனவர்கள் போனதால்தான் இருந்தவர்களுக்கும் போனது.

போனவர்கள் எங்கே போனார்கள்? பையன்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துத் தோட்டத்திலேயே வேலைக்கு நின்றார்கள், சிலர் லாரிக்கு உதவியாளாக, சிலர் ஜொகூர் பாரு வழியாகச் சிங்கப்பூருக்கு. பெண் பிள்ளைகளில் கொஞ்சம் தைரியமானவர்கள் பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் போய், ஒரே வீட்டில் பத்துப் பேர் வாடகைக்கு இருந்து, ஷிப்ட் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். அதுவும் நல்ல நேரமா என்றால் இல்லை. 1985ல் ஈய விலை விழுந்தது, ரப்பர் விலையும் செம்பனை எண்ணெய் விலையும் படுத்துக்கிடந்தன, நாடே மந்தத்தில் இருந்தது. அப்புறம் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், சில நிலம் வீடமைப்புக்குப் போனது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின. இப்படிச் சிதறியவர்களைத்தான் நாம் இப்போது தேட வேண்டும்.

தேட முடியாது என்கிறார்கள் ஏற்பாட்டுக் குழுவினர். முகநூலில் பெயரைப் போட்டால் வரவில்லையாம். எப்படி வரும்? பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் யார் எப்படிக் கேட்டார்களோ அப்படி எழுத்துக் கூட்டியதுதான் நம் அடையாள அட்டைப் பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு, வகுப்பில் பட்டப்பெயர் வேறு, எங்களில் பலருக்கு ஒருவன் முழுப்பெயரே கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. கணினியில் உட்கார்ந்து தேடுகிற காரியம் இல்லை இது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். லயம் இடிந்து போனாலும், தோட்டமே கைமாறிப் போனாலும், மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் காரெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்களே, அன்றைக்குப் பந்தலில் ஒலிபெருக்கி வைத்திருப்பவரிடம் சொல்லி ஒரு அறிவிப்புச் செய்தால் புலனக் குழு ஒரு வருஷத்தில் செய்யாததை அது ஒரு சாயங்காலத்தில் செய்துவிடும்.

இன்னொரு வழியும் ஊரிலேயே இருக்கிறது. எங்களோடு புகுமுக வகுப்பிலிருந்து படித்த சீன நண்பர் ஒருவர், அவரும் எஸ்ஆர்பியோடு நின்றவர்தான், அப்பாவின் இரும்புச் சாமான் கடையில் அன்றைக்கு உட்கார்ந்தவர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். கூரைத் தகடு வாங்க வந்தவன், புல்வெட்டும் கத்திக்கு வந்தவன், வீட்டுக்குச் சாயம் வாங்க வந்தவன் என்று எங்கள் தோழர்கள் எல்லாரும் அவர் கடைக்குத்தான் போயிருக்கிறார்கள். யார் எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார், யாருக்குக் கால் எடுத்தாகிவிட்டது, யார் மகள் மருத்துவம் படிக்கிறாள் என்று தமிழிலேயே சொல்கிறார். அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. ஏனென்றால் எஸ்பிஎம் 86!

தேட வேண்டாம், கூப்பிட்டால் அவர்களுக்குத்தான் சங்கடம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால் தட்டிவிட முடியவில்லை. பாவோங்கிலிருந்து வந்த தோழி ஒருத்தி, கணக்கில் எங்கள் எல்லாருக்கும் மேல், அவள் நோட்டைப் பார்த்து எழுதித்தான் பலர் இரண்டாம் படிவம் தாண்டினோம். மலாய்மொழித் தாளில் தடுக்கிவிட்டது, எஸ்ஆர்பியோடு நின்றுவிட்டாள். இப்போது காலையில் பெரிய ரோட்டோரம் நாசி லெமாக் விற்கிறாள், சில்லறையை எண்ணாமலே கணக்குச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்தால் பழைய ஆள்தான் என்று தெரியும். சந்திப்பைப் பற்றிச் சொன்னேன். பொட்டலத்துக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டே, "எஸ்பிஎம் எடுத்தவங்க கூட்டத்துல நான் எங்கப்பா வந்து உக்கார்றது? டத்தோவெல்லாம் வர்றாங்களாமே, என்னை விட்டுரு" என்றாள். அப்புறம், காசை வாங்கிக்கொண்டு, "அந்தக் கணக்கு வாத்தியார் உசுரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

வர விருப்பம் இல்லாதவள் அதைக் கேட்க மாட்டாள் என்பது என் கணிப்பு. அவள் மறுத்தது தோழர்களையா அல்லது நாம் போட்டு வைத்திருக்கும் மேடையையா என்பதை ஏற்பாட்டாளர்கள் யோசிக்க வேண்டும்.

மேடை என்று சொன்னேன், அதையும் கேளுங்கள். இப்போதைக்குத் திட்டம் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் இரவு விருந்து. தலைக்கு நூற்றெண்பது வெள்ளி (ரிங்கிட்), டீ-சட்டைக்கு நாற்பத்தைந்து தனி. முன்னால் பிரமுகர் மேசை. வாழ்க்கையில் முன்னேறிய தோழர்களுக்குச் சாதனையாளர் கேடயம். நாட்டில் இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணவன் மனைவி இரண்டு பேர் போனால் சாப்பாட்டுக்கு மட்டும் 360, அந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஈப்போவுக்குப் போகப் பெட்ரோல், பரிசுச் சீட்டு, அது இது என்று தனி. ஈபிஎஃப் சேமநிதிப் பணம் கையில் வந்து பென்ஷனும் வாங்குகிறவர்களுக்கு நூற்றெண்பது பெரிதில்லை, ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் காவலாளி உடையில் இரவு வேலை பார்க்கிறவனுக்கு அது பெரிது. வசதி இல்லாதவர்களுக்கு நாங்கள் ஸ்பான்சர் செய்கிறோம் என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் யார் கட்டினார்கள், யாருக்குக் கட்டப்பட்டது என்ற பட்டியல் எப்படியும் வெளியே வந்துவிடும், நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

கேடயம் சுத்தமாக வேண்டாம். டத்தோ பட்டம் வாங்கியவரும் அன்றைக்கு எங்களோடு அதே மரப்பெஞ்சில் உட்கார்ந்து அதே இருபது காசு மீயைச் சாப்பிட்டவர்தான், பழகுவதற்கு இன்றும் நல்ல மனிதர், கேடயம் வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. சுற்றி இருப்பவர்களுக்குத்தான் கை துறுதுறுக்கிறது.

சந்திப்பு சுங்கை சிப்புட்டிலேயே நடக்கட்டும். 1994ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததிலிருந்து கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் போகிறவர்கள் நம் ஊருக்குள் நுழைவதே குறைந்துவிட்டது, ஊரில் பிறந்த நாமும் நுழையாவிட்டால் எப்படி? ரயிலும் நிற்கிறது, வரலாம். பள்ளி மண்டபத்தைக் கேட்டுப் பார்க்கலாம், டிசம்பர் விடுமுறையில் சனிக்கிழமை கேட்டால் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மண்டபத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் இன்னும் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். கோயில் மண்டபம் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் மலாய் நண்பர்கள் சாப்பாட்டு விஷயத்தில் தயங்குவார்கள், அவர்களை விட்டுவிட்டு இது என்ன பள்ளிச் சந்திப்பு? ஹலால் சமையல்காரர் ஒருவர், ஒரு பக்கம் சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், முடிந்தது. மத்தியானச் சாப்பாடாக இருந்தால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் சாயங்காலமே திரும்பிவிடலாம், இரவில் கார் ஓட்டக் கண் தெரியாத வயது வந்துவிட்டது நமக்கு. தலைக்கு முப்பது வெள்ளிக்குள் தாராளமாக முடியும், மீதியை முடிந்தவர்கள் முடிந்த அளவு ஒரு பெட்டியில் போடட்டும், பெயர் எழுத வேண்டாம்.

அப்புறம் பெயர். எஸ்பிஎம் 86 என்பதை எடுத்துவிட்டு 1981 புகுமுக வகுப்பு, 1982 முதலாம் படிவம் என்று போடுங்கள். மலாய் நண்பர்களும் அதில் வந்துவிடுவார்கள், பாதியில் நின்றவர்களும் வந்துவிடுவார்கள், பாதியில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன போலீஸ்காரர் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். பதாகையில் ஒரு வரி மாற்றுகிற வேலைதான்.

அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உங்கள் பத்திரிகையிலேயே இருக்கிறது. எங்கள் தோழர்களின் படம் இப்போது கல்யாண வாழ்த்திலோ தேர்வு முடிவுச் செய்தியிலோ வருவதில்லை. நினைவஞ்சலிப் பக்கத்தில்தான் வருகிறது. போன வருஷம் ஒரு படத்தைப் பார்த்தேன், நரைத்த மீசை, கீழே பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பட்டியல், பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி திரும்பி வந்து பார்த்தால், பின்வரிசையில் பெஞ்சின் மேல் நின்றவர்களில் ஒருவன். சர்க்கரை வியாதி என்று இரும்புக்கடை நண்பர் பிறகு சொன்னார். இருந்தது எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னாள் மாணவர் சந்திப்பு முடிந்த பிறகு படம் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. நடப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், இந்த ஊர், இந்தப் பள்ளி, இந்த ஆண்டு முதலாம் படிவத்தில் நுழைந்தவர்கள், இந்த எண்ணில் தொடர்புகொள்ளவும் என்று நாலு வரி, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மூலையில் இலவசமாகப் போட முடியுமா? புலனம் இல்லாத, இருந்தாலும் அந்தக் குழுவில் சேர்க்கப்படாத ஆட்கள் இன்னும் காலையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பத்திரிகையைத்தான் புரட்டுகிறார்கள். 1924ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019ல் நின்றபோது அதை நினைத்து வருந்தியவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். மாணவர் பகுதியில் தங்கள் பெயர் அச்சில் வந்த துண்டை அடையாள அட்டையோடு வைத்திருக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

மற்ற பள்ளிகளில் ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்களும் ஹோட்டலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் குழுவினர் இன்னும் கட்டவில்லை என்று கேள்வி, அதனால்தான் இவ்வளவு வேகமாக எழுதினேன். இதைப் படித்துவிட்டு யாராவது கோபப்பட்டால் பரவாயில்லை, நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதைவிடப் பெரிய சண்டையெல்லாம் திடலில் போட்டு மறுநாளே பேசிக்கொண்டவர்கள்தானே நாம்.

1981ல் சுங்கை சிப்புட்டில் புகுமுக வகுப்பிலும் 1982ல் முதலாம் படிவத்திலும் இருந்தவர்கள், எந்த வருஷம் நின்றிருந்தாலும் சரி, பெரிய ரோட்டில் இருக்கும் இரும்புக் கடையில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைக்காரர் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கடை என்று சுங்கை சிப்புட்டில் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவன்,
சுங்கை சிப்புட், பேராக்